கழுத்தில் குழாய் போடும் முன் கையைப் பிடித்துப் பாருங்கள்!

நாமக்கல்லில் லாரிகள் நிற்கும் இடத்துக்கு விடிகாலையில் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வண்டி கிளம்பும் முன் கிளீனர் ஒரு இரும்பு ராடை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே வருவார். டங்... டங்... டங்... ஒரு டயரில் மட்டும் சத்தம் மாறும். "அண்ணே, இந்த உள்டயர்ல காத்து கம்மியா இருக்குதுங்" என்பார். அவ்வளவுதான் பரிசோதனை. டயரைக் கழற்றவில்லை, டியூபை வெளியே எடுக்கவில்லை. சந்தேகம் வந்த டயருக்கு மட்டும் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு மேலும் சந்தேகம் என்றால்தான் பஞ்சர் கடை.

அதே லாரியின் டிரைவர் கடும் காய்ச்சலோ விபத்தோ வந்து ஐ.சி.யூ.வில் படுத்தால் இந்த வரிசை பல சமயம் தலைகீழாகிவிடுகிறது. எடுத்த எடுப்பில் பஞ்சர் கடை!

ஐ.சி.யூ. வாசலில் நடக்கும் பேச்சு எந்த ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

"பெரியம்மா, கழுத்துல ஒரு லைன் போடணும். இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

"எதுக்குங் சிஸ்டர்?"

"பிரஷர் கம்மியா இருக்குதுங்க. ரத்த ஓட்டம் எப்படி இருக்குதுன்னு பார்க்கணும்."

"போட்டா அவருக்குச் சரியாயிருமுங்களா?"

"டாக்டர் வந்து சொல்லுவாருங்க."

பெரியம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார். போடாமல் என்ன செய்வார்? உள்ளே எத்தனை குழாய் இருக்கிறதோ அத்தனை பெரிய வைத்தியம் என்று சொந்தபந்தம் எல்லாம் நம்புகிறது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு. ரத்த ஓட்டத்தை அளக்கப் போடும் குழாய் யாரையும் குணப்படுத்தாது. அது ஒரு மீட்டர். மீட்டர் காட்டும் எண்ணை வைத்து டாக்டர் சரியான முடிவு எடுத்தால்தான் நோயாளிக்குப் பலன். அந்த மீட்டரை மாட்டுவதற்கு ஒரு விலையும் இருக்கிறது. கழுத்துச் சிரையில் ஊசி இறக்கும்போது ரத்தக் கசிவு ஏற்படலாம், நுரையீரல் ஓட்டையாகிக் காற்று கசியலாம், நாள் கணக்கில் குழாய் உள்ளேயே கிடந்தால் கிருமி நேராக ரத்தத்தில் கலக்கலாம். மணிக்கட்டுத் தமனியில் போடும் குழாயிலும் ரத்தக்கட்டு, கசிவு எல்லாம் உண்டு.

இத்தனை விலை கொடுத்து வாங்கும் எண், உயிரைக் காப்பாற்றுகிறதா? மருத்துவ உலகம் இந்தக் கேள்வியைக் கேட்கவே கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டது என்பதுதான் வேதனை.

1970-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜெரமி ஸ்வான், வில்லியம் கான்ஸ் என்ற இரு மருத்துவர்கள் நுனியில் குட்டி பலூன் கட்டிய ஒரு குழாயைப் பற்றி எழுதினார்கள். கழுத்திலோ தொடையிலோ உள்ள சிரை வழியாக விட்டால், ரத்த ஓட்டமே அந்த பலூனை இழுத்துக்கொண்டு இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து நுரையீரல் தமனிக்குள் கொண்டுபோய் நிறுத்தும். பாய்மரப் படகைக் கடற்கரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்வானுக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். அருமையான யோசனைதான், அதில் சந்தேகமில்லை. உலகம் முழுவதும் ஐ.சி.யூ.க்களில் ஸ்வான்-கான்ஸ் குழாய் இல்லாவிட்டால் வைத்தியமே இல்லை என்று ஆகிவிட்டது.

1996-ல் வந்தது முதல் அடி. அமெரிக்காவின் 5 மருத்துவமனைகளில் 5,735 நோயாளிகளின் விவரங்களை எடுத்துப் பார்த்ததில், ஒரே அளவு நோய் முற்றியவர்களில் இந்தக் குழாய் போடப்பட்டவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். "அதெல்லாம் வெறும் புள்ளிவிவரக் கணக்கு" என்று சண்டை போட்டார்கள். சரி என்று குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் சோதித்தார்கள். 2003-ல் பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 1,994 முதியவர்களிடம் பார்த்ததில் குழாய் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சாவு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. 2005-ல் பிரிட்டனின் 65 ஐ.சி.யூ.க்களில் 1,041 பேர். அங்கேயும் இல்லை. அதன்பிறகு அந்தக் குழாயின் பயன்பாடு மளமளவென்று சரிந்தது. இன்று இதய அறுவை சிகிச்சை, இதயமே பழுதாகி வரும் ஷாக் மாதிரி குறிப்பிட்ட சில இடங்களில்தான் அதற்கு வேலை.

பாடம் கற்றுக்கொண்டார்களா? இல்லை! 2001-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரே மருத்துவமனையில் 263 செப்சிஸ் நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. (செப்சிஸ் என்றால் கிருமித் தொற்றுக்கு உடல் தாறுமாறாக எதிர்வினை காட்டி, தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வது.) கழுத்துச் சிரையில் ஒரு விசேஷக் குழாயைப் போட்டு, அது காட்டும் எண்களைத் துரத்தித் துரத்தி வைத்தியம் செய்ததில் சாவு 46.5 சதவீதத்திலிருந்து 30.5 ஆகக் குறைந்தது. உடனே உலகமே அதைப் பின்பற்றியது. பிறகு 2014, 2015-ல் அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியா-நியூசிலாந்திலும், இங்கிலாந்திலும் மூன்று பெரிய சோதனைகள் நடந்தன. மூன்றிலும் சேர்த்து 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். குழாயும் எண்ணும் கட்டாயம் என்ற முறை, சாதாரணமாகக் கவனித்துப் பார்க்கும் முறையைவிட ஒரு உயிரைக்கூட அதிகமாகக் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்து, சீக்கிரம் ஆன்டிபயாடிக் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாலே போதுமானதாக இருந்தது.

பக்கத்திலேயே இருந்து பார்ப்பது. இந்தச் சண்டையின் மையமே அதுதான்.

ரத்த ஓட்டம் தளரும்போது உடம்பு ஒரு கெட்டிக்காரத்தனமான வேலை செய்யும். கையில் காசு குறைந்த குடும்பம் முதலில் துணிமணி, சினிமாச் செலவை நிறுத்தி அரிசிக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் ஒதுக்குவது மாதிரி, தோலுக்குப் போகும் ரத்தத்தை முதலில் வெட்டி, மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பும். அதனால் மானிட்டரில் பிரஷர் பார்க்க நன்றாகவே இருக்கும். கை மட்டும் சில்லென்று இருக்கும். விரல் நுனியை அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் சிவப்பதற்கு நேரம் பிடிக்கும். குடும்பம் கஷ்டத்தில் இருப்பது வங்கிக் கணக்கில் தெரிவதற்கு முன்பே தீபாவளித் துணியில் தெரிந்துவிடுகிறதல்லவா, அப்படி!

2019-ல் அர்ஜென்டினா, சிலி, கொலம்பியா, ஈக்வடார், உருகுவே ஆகிய ஐந்து நாடுகளில் 28 ஐ.சி.யூ.க்கள் சேர்ந்து இதையே சோதித்தன.  செப்சிஸ் ஷாக்கில் இருந்த 424 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ரத்தத்தை எடுத்து லாக்டேட் என்ற அமிலத்தின் அளவைப் பார்த்து வைத்தியம். இன்னொரு பாதிக்கு அரை மணிக்கு ஒருமுறை விரல் சோதனை. ஒரு கண்ணாடித் துண்டை வலது ஆள்காட்டி விரலின் நுனியில் 10 விநாடி அழுத்தி எடுப்பது, நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் ஓட்டம் சரியில்லை என்று அர்த்தம். 28 நாளில் லாக்டேட் பிரிவில் இறந்தவர்கள் 43.4 சதவீதம். விரல் பிரிவில் 34.9 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்ற கோட்டுக்கு மயிரிழையில் அந்தப் பக்கம் நின்றுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025-ல் இன்னும் பெரிதாக, பல நாடுகளில் நடத்திய அடுத்த சோதனையில் சாவு குறையவில்லை. உயிர் காக்கும் கருவி, மருந்துகளின் துணை தேவைப்பட்ட நாட்கள் குறைந்தன. ஆக, விரல் ஒன்றும் மந்திரம் இல்லை. ஆனால் ஒரு கண்ணாடித் துண்டும் கடிகாரமும், விலை உயர்ந்த பரிசோதனைக்குச் சளைக்காமல் நின்றன என்பது உண்மை.

தமனிக் குழாய் விஷயத்தில் இன்னும் வெளிப்படையான முடிவு வந்திருக்கிறது. ஷாக்கில் இருப்பவருக்கு முடிந்தவரை சீக்கிரம் அதைப் போடலாம் என்று 2021-ன் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டி சொன்னது. அதற்கான ஆதாரம் மிகவும் பலவீனமானது என்று அதே வரியில் ஒப்புக்கொண்டது! (அதே வழிகாட்டிதான் விரல் சோதனையையும் கூடவே பார்க்கச் சொன்னது.) 2025-ல் பிரான்ஸில் ஷாக்கில் இருந்த 1,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு உடனே தமனிக் குழாய். மறுபாதிக்கு கையில் கட்டும் சாதாரண பிரஷர் பட்டை, தவிர்க்க முடியாமல் போனால் மட்டும் குழாய். 28 நாள் சாவு: குழாய் பிரிவில் 36.9 சதவீதம், பட்டைப் பிரிவில் 34.3 சதவீதம். குழாயால் வந்த ரத்தக்கட்டு, ரத்தக்கசிவு முதல் பிரிவில் 8.2 சதவீதம், இரண்டாவதில் 1 சதவீதம். பட்டைப் பிரிவில் ஏழில் ஒருவருக்குத்தான் பிறகு குழாய் தேவைப்பட்டது. அப்படியானால் மற்ற ஆறு பேருக்கு அந்தக் குழாயே தேவைப்படவில்லை.

வெளிநாட்டுக் கதை போதும். 2017-ஐ சேலம் மறந்திருக்காது. அந்த வருடம் தமிழ்நாட்டில் அரசுக் கணக்குப்படியே 23,294 பேருக்கு டெங்கு, 65 பேர் சாவு. மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காய்ச்சல் வார்டுகள் நிரம்பி வழிந்தன. வாசலில் நிலவேம்புக் கஷாயம், உள்ளே இடமில்லை. டெங்கு ஷாக்கில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ஓட்டம் தளர்கிறது. தட்டணுவும் குறைந்திருப்பதால் ஊசி குத்திய இடமெல்லாம் ரத்தம் கசியும். அதாவது கழுத்தில் குழாய் இறக்க ரொம்பவும் யோசிக்க வேண்டிய நோய் அது.

அதற்கு என்ன வழி? டெங்கு சிகிச்சைக் கையேடுகளிலேயே ஒரு வழி இருக்கிறது. நோயாளியின் கையை அரை நிமிடம் பிடித்து ஐந்து விஷயங்களைப் பார்ப்பது. தோலின் நிறம், அழுத்தினால் நிறம் திரும்பும் நேரம், கையின் சூடு, நாடியின் பலம், நாடியின் வேகம். இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து சிசிடிவி-ஆர் என்று அழைக்கிறார்கள். (கடைவீதியில் மாட்டும் சிசிடிவியைவிட இந்த சிசிடிவி எவ்வளவோ மேல்!) நாடி பிடிப்பது என்றதும் பழைய வைத்தியம் என்று சிரிக்க வேண்டாம், இது முழுக்க முழுக்க அலோபதி. கூடவே ஒரு கழித்தல் கணக்கு. பிரஷரின் மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்தால் சாதாரணமாக 40 வாக்கில் வரும். டெங்குவில் அது 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஷாக். 100-க்கு 80 என்று மானிட்டர் காட்டும்போது "பிரஷர் நூறு இருக்குது, பயமில்லை" என்று நகர்ந்து போகிறவர், ஒரு கழித்தல் போட மறந்ததால் ஒரு குழந்தையின் முக்கியமான மணி நேரங்களைத் தொலைக்கிறார்.

இன்னொன்று, கால் தூக்கும் சோதனை. சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருக்கும் நோயாளியைக் கட்டிலோடு சாய்த்து, இரண்டு காலையும் 45 டிகிரி உயர்த்தினால் காலில் இருக்கும் அவரது சொந்த ரத்தமே சுமார் 300 மில்லி இதயத்துக்குத் திரும்பும். ஓட்டம் கூடினால் இவருக்கு சலைன் ஏற்றலாம். கூடவில்லை என்றால் காலை இறக்கிவிட வேண்டியதுதான், போன ரத்தம் திரும்பி வந்துவிடும். ஏற்றிய சலைனை அப்படித் திரும்ப எடுக்க முடியுமா? நுரையீரலில் கோத்துக்கொண்டால் அதற்கு வேறு வைத்தியம்.

எதிர்க்கட்சி வாதமும் இருக்கிறது, அதில் நியாயமும் உண்டு. பிரஷர் ஏற்றும் மருந்து அதிக அளவில் நாள் கணக்கில் ஓட வேண்டும் என்றால் கழுத்துக் குழாய் வேண்டும். மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டியவருக்குத் தமனிக் குழாய் வசதி. பட்டைக்கு எண்ணே கிடைக்காத அளவு கையோ நிலைமையோ மோசம் என்றால் வேறு வழியில்லை. விரல் சோதனையிலும் ஓட்டை இருக்கிறது. ஏ.சி. குளிரில் நல்ல ஆளின் விரலும் சில்லிட்டுத்தான் இருக்கும். ஒருவர் மூன்று விநாடி என்பதை இன்னொருவர் நான்கு என்பார். கறுத்த தோலில் நிறம் திரும்புவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், நெருங்கிப் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் அப்படியே. ஹேச்சரியில் முட்டையை உடைக்காமல் வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பது போல விரலுக்குள் ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பதுதான் அதன் வேலை, 1970-களில் ஜப்பானின் தகுவோ அயோயாகி கண்டுபிடித்தது. அந்தக் கருவி வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக ஆக்ஸிஜன் குறைவைக் கோட்டைவிடுகிறது என்று 2020-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. சேலத்து வெயிலில் கறுத்தவர்களுக்கு இது முக்கியமான செய்தி.

இவையெல்லாம் குழாயை இரண்டாவதாக வைக்கச் சொல்லும் காரணங்கள். முதலில் கை, பிறகு பட்டை, பிறகு அல்ட்ராசவுண்ட், அதற்கும் பிடிபடாவிட்டால் குழாய். கிளீனரின் வரிசை.

அல்ட்ராசவுண்ட் என்றதும் இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. இதயம் எப்படி அடிக்கிறது, ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ரத்தம் போகிறது, வயிற்றின் பெருஞ்சிரை நிரம்பியிருக்கிறதா என்பதை ஒரு ஊசிகூடக் குத்தாமல் படுக்கையோரத்திலேயே காட்டிவிடும் கருவி அது. ஆனால் ஒவ்வொரு கருவியும் 1994-ன் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். கையடக்கக் கருவிகளுக்கு 2012-ல் விதிகள் இன்னும் இறுகின. காரணம் என்ன என்று சேலத்துக்காரர்கள் கேட்கவே முடியாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலில் தொடங்கப்பட்டதே சேலத்தில்தான்! ஒரு தலைமுறை செய்த பாவத்தின் வட்டியை ஐ.சி.யூ. நோயாளி கட்டுகிறார். அதற்காகச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்வது அயோக்கியத்தனம், இங்கே அது இருந்தே ஆக வேண்டும். ஆனால் பதிவு செய்த மருத்துவமனை வளாகத்துக்குள், உள்நோயாளிக்குப் பயன்படுத்துவதை அந்த விதிகள் தடுக்கவில்லை. படிவத்துக்கும் ஆய்வுக்கும் பயந்து கருவியை ஸ்கேன் அறையிலேயே பூட்டிவைத்தால் அது சட்டத்தின் தவறில்லை, நிர்வாகத்தின் சோம்பல்.

கடைசியில் எல்லாம் கணக்கில் வந்து நிற்கிறது. பி.காம். மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், குழாய் போடுவதற்கு பில்லில் ஒரு வரி உண்டு. குழாய்க்கு ஒரு வரி, கிட்டுக்கு ஒரு வரி, புரசீஜர் சார்ஜ் என்று ஒரு வரி. அரை மணிக்கு ஒருமுறை ஒரு செவிலியர் வந்து விரலை அழுத்திப் பார்த்ததற்கு எந்த பில்லில் வரி இருக்கிறது? வருமானம் தராத வேலையில் ஆளைக் குறைப்பதுதான் எந்த வியாபாரத்தின் இயல்பும். சரி, லாபம் பார்க்காத அரசு என்ன செய்தது? டெங்கு தாண்டவமாடிய அதே 2017-ன் நவம்பரில், தொகுப்பூதியத்தில் வேலை பார்த்த செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தது மாதம் 7,700 ரூபாய். அரை நிமிடம் கையைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஆட்களுக்கு அரசு வைத்த விலை!

2022 ஜனவரியில் நாமக்கல்லுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் உருண்டு இறங்கும் ஆம்புலன்ஸில் தமனிக் குழாய் போட முடியாது. ஆத்தூரிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் சேலத்துக்கு வரும் வழியிலும் முடியாது. அங்கே கை மட்டும்தான் இருக்கிறது.

2024 தொடக்கத்தில் மத்திய சுகாதாரத் துறையின் ஐ.சி.யூ. வழிகாட்டி செய்திகளில் அடிபட்டது. குடும்பத்தார் மறுத்தால் ஐ.சி.யூ.வில் சேர்க்கக் கூடாது என்ற வரியை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆவணத்தில், ஐ.சி.யூ. படுக்கைக்காகக் காத்திருக்கும் நோயாளிக்குக் குறைந்தபட்சம் என்னவெல்லாம் கண்காணிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பிரஷர், நாடி, மூச்சு, ஆக்ஸிஜன், சிறுநீர் அளவு, நினைவு, காய்ச்சல், சர்க்கரை. இவற்றோடு விரலில் நிறம் திரும்பும் நேரமும் இருக்கிறது. கழுத்துக் குழாய் இல்லை.

அப்படியானால் தாலுகா ஆஸ்பத்திரியில் படுக்கைக்காகக் காத்திருக்கும் நோயாளியின் கேஸ் ஷீட்டில் அந்தக் கட்டம் இருக்க வேண்டும். இருக்கிறதா? இருந்தால், நேற்று ராத்திரி 2 மணிக்கும் 2.30-க்கும் அதில் எழுதியது யார்? அந்த வார்டில் அப்போது எத்தனை செவிலியர் இருந்தார்கள்? கலெக்டரோ அமைச்சரோ அடுத்த முறை திடீர் ஆய்வுக்கு வரும்போது, புது மானிட்டருக்கு ரிப்பன் வெட்டும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.